ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் காசு – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, இலங்கையில் வைத்தியம் எல்லோருக்கும் இலவசம், அதைத் திருத்த வேண்டுமே தவிரக் கைவிடக் கூடாது என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களும் வட்ஸ்அப் குரல் பதிவுகளும் கொஞ்சமல்ல. கோபமாக வந்தவைதான் கூட. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் இதற்கே.

கேள்வி: அம்மாவுக்குச் சீனி, பிரஷர் இரண்டும் இருக்கு. மாதம் மூவாயிரத்துக்குக் குறையாமல் போகுது. பிறகென்ன இலவச வைத்தியம்? எழுதுகிறவைக்கு எங்கட கஷ்டம் விளங்குதா? – ஒரு மகள், மல்லாவி

விளங்குகிறது அக்கா. நானும் ஆறு வருசமாக அம்மாவை மாதக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன்தான். விடிய நாலரைக்கு எழும்பி, கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, ரத்தம் குடுக்க வேண்டும் என்பதால் ஒன்றும் சாப்பிடாத அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றி மெயின் ரோட்டுக்குக் கொண்டு வந்தால்தான் முதல் பஸ் பிடிக்கலாம். யானை இறங்குகிற காலமென்றால் ஹோர்ன் அடித்து அடித்துத்தான் வர வேண்டும். நம்பர் எடுத்து, ரத்தம் குடுத்து, கன்டீனில் ஒரு பணிஸும் தேத்தண்ணியும் வாங்கிக் குடுத்து உட்கார்ந்தால், பத்தரை பதினொன்றுக்கு டொக்டர் கூப்பிடுவார். இரண்டு நிமிசம். அவரில் பிழை இல்லை, வாங்கில் இன்னும் எண்பது பேர் இருக்கிறார்கள். பிறகு மருந்து யன்னல். நாலு மருந்தில் மூன்று இருக்கும், நாலாவதுக்கு ஒரு சின்னத் துண்டு தருவார்கள், "இத வெளியில எடுங்கோ."

அந்தத் துண்டுதான் உங்களுடைய மூவாயிரம்.

இது மல்லாவியின் கதை மட்டுமல்ல. இந்த நாட்டில் வைத்தியத்துக்குச் செலவாகிற மொத்தக் காசில் பாதிக்குக் கிட்ட அரசாங்கத்தின் பெட்டியிலிருந்து வருவதில்லை, பெரும்பாலும் சனத்தின் சட்டைப் பையிலிருந்துதான் போகிறது. வெளியில் வாங்குகிற மருந்து, தனியார் லாப்பில் செய்கிற ரெஸ்ட், பின்னேரம் டொக்டரைத் தனியாரில் சனல் பண்ணிப் பார்க்கிற காசு, எல்லாம் அதற்குள் அடக்கம். பஸ் காசும் அன்றைக்குப் போன கூலியும் அந்தக் கணக்கில் சேராது. அதையும் சேர்த்தால் உங்கள் மூவாயிரம் ஐயாயிரம் ஆகும்.

ஆனால் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். என்னுடைய அப்பாவுக்கு ஹேர்னியா ஒப்பரேஷன் நடந்தது, ஐந்து நாள் வாட்டில் கிடந்தார், ஒரு சதம் கேட்கவில்லை. உங்கள் பிள்ளை பிறந்தபோது யாரும் பில் நீட்டியிருக்க மாட்டார்கள். ஊசி போட்டதற்கும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆக, திடீரென்று விழுந்தால் அரசாங்கம் தாங்கிப் பிடிக்கிறது, மெல்ல மெல்லத் தேய்ந்தால் பாதியில் கையை விடுகிறது.

ஏன் இப்படி என்றால், இந்த அமைப்புக் கட்டப்பட்டது வேறொரு காலத்து நோய்க்கு. 1934–35இல் மலேரியா வந்து நாட்டையே சாய்த்தது. 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தபடியால், சனத்தின் வாக்கை வாங்கிப் போனவர்கள் ஊருக்கு ஊர் சின்ன ஆஸ்பத்திரிகளைக் கேட்டு வாங்கினார்கள். காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் என்று கட்டிய அந்த அமைப்பு வேலையைச் செய்து முடித்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. இப்போது வாங்கில் இருக்கிறவர்களுக்கு மலேரியா இல்லை. சீனி, பிரஷர், கிட்னி, இருதயம். ஒரு நாள் மருந்தால் மாறாத நோய்கள், சாகும் வரைக்கும் மாதம் மாதம் வர வேண்டிய நோய்கள். அமைப்பு இன்னும் பழைய நோய்க்கான அமைப்பாகவே நிற்கிறது.

உங்களுக்கு இப்போதைக்கு இரண்டு காரியம் சொல்கிறேன். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம், "அம்மாவின் சீனி ஒரு நிலையில் நிற்குதென்றால் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர முடியுமோ, இங்கே ஆறு மாதத்துக்கு ஒருக்கா வாறோம்" என்று கேளுங்கள். சில டொக்டர்மார் சந்தோசமாகச் செய்வார்கள், அவர்களுக்கும் வாங்கில் ஒரு ஆள் குறையும். அடுத்தது, வெளியில் எழுதுகிற மருந்தைக் கம்பனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே மருந்து வேறு கம்பனிப் பெயரில் பல வேளை நல்ல மலிவாக இருக்கும். இதற்காகத்தான் இந்த நாட்டு மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே பாடுபட்டார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது அவருடைய முயற்சியில்.

கேள்வி: வசதியுள்ளவர்களும் ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) வந்து நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு நூறு ரூபா கட்டணம் வைத்தால் ஆஸ்பத்திரிக்கும் வருமானம், தேவையில்லாத கூட்டமும் குறையும் அல்லவா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், கிளிநொச்சி

ஐயா, உங்களை மதித்துத்தான் சொல்கிறேன், இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

இதைச் செய்து பார்த்தாயிற்று. 1971இல் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறவர்கள் 25 சதம் கட்ட வேண்டும் என்று கொண்டு வந்தார்கள். வெறும் 25 சதம். கூட்டம் உடனே குறைந்தது, நன்றாகவே குறைந்தது. குறைந்தது யார்? காருள்ளவரா, கடையுள்ளவரா? 1977இல் அதை எடுத்துவிட்டார்கள்.

"தேவையில்லாத கூட்டம்" என்கிறீர்கள். காலில் சின்னப் புண் என்று வருகிறவர் தேவையில்லாமல் வந்தாரா, சீனிக்காரரின் கால் கழற்றுவதற்கு முதல் கட்டத்தில் வந்தாரா என்பது டொக்டர் பார்த்த பிறகுதான் தெரியும். நூறு ரூபாவைக் காட்டி அவரை வீட்டில் நிறுத்தினால், அடுத்த வருசம் அவரை வாட்டில் வைத்துப் பல லட்சம் செலவழிக்கப் போவது அதே அரசாங்கம்தான். நான் இதை எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்தேன். வயல் வேலைக்குப் போகிற ஒரு மனுசன், குதிக்காலில் முள் குத்திய புண், மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்து வைத்து மூன்று மாதம் இழுத்தார். கட்டணம் இல்லாமலே இழுத்தார், ஒரு நாள் கூலி போகும் என்று. இப்போது அவருக்கு முழங்காலுக்குக் கீழே இல்லை.

கட்டணம் இல்லை என்றால் காசு கட்டவில்லை என்றும் அர்த்தமில்லை, ஐயா. 2024 தை மாதத்திலிருந்து வற் வரி 18 சதவீதம். சவர்க்காரம் வாங்கினாலும் போனுக்கு ரீலோட் போட்டாலும் அந்தக் கூலிக்காரர் கட்டுகிறார். ஆஸ்பத்திரி வாசலில் அவரிடம் இரண்டாந்தரம் கேட்பது நியாயமாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: 1990 என்ற நம்பருக்குப் போன் அடித்தால் அம்புலன்ஸ் வந்த பிறகு காசு கேட்பார்களா? – புதுக்குடியிருப்பு

கேட்க மாட்டார்கள். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்த சேவை அது. முழுக்க இலவசம். சொந்தமாக ஓட்டோ பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள், மூச்சுத் திணறலுக்கும் நெஞ்சு வலிக்கும் அம்புலன்சிலேயே முதலுதவி தொடங்கிவிடும். போனில் இடம் சொல்லும்போது கோயில், பள்ளிக்கூடம், சந்தி என்று அடையாளம் சொல்லுங்கள். உள் ஒழுங்கை என்றால் ஒருவரை லைற்றோடு ரோட்டுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: மாமா ரொறன்ரோவில் இருக்கிறார், "இங்க எல்லாம் சும்மா" என்கிறார். சித்தி அமெரிக்காவில், "இங்க வருத்தம் வந்தால் வீடு விற்க வேணும்" என்கிறார். பக்கத்துப் பக்கத்து நாடுகள், எப்படி இந்த வித்தியாசம்? அமெரிக்காவில் இதைப் பற்றி ஏன் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்? – ஏ.எல். மாணவி, விசுவமடு

நல்ல கேள்வி தங்கச்சி, கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

கனடாவில் அது சும்மா வந்துவிடவில்லை. சஸ்காச்சுவான் என்று ஒரு மாகாணம், கோதுமை விளைகிற இடம், எங்கள் பக்கம் போலத் தூரத்தூர ஊர்கள். அங்கே ரொமி டக்ளஸ் என்பவர் முதலமைச்சராக இருந்து 1947இல் ஆஸ்பத்திரிச் செலவை மாகாணமே ஏற்க வைத்தார். 1962இல் டொக்டர் பார்க்கிற செலவையும் மாகாணம் ஏற்கும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே டொக்டர்மார் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், 23 நாள். மாகாணம் பின்வாங்கவில்லை. 1966இல் அது நாடு முழுவதற்குமான சட்டமானது. ஆனால் மாமா சொல்கிற "எல்லாம்" என்பது சரியில்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே வாங்குகிற மருந்து, பல்லு, கண்ணாடி எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் இல்லை. பெரும்பாலானவர்கள் வேலையிடக் காப்புறுதியால் சமாளிக்கிறார்கள். பல்லுக்கென்று அரசாங்கத் திட்டம் இப்போதுதான் மெல்ல வருகிறது. ஸ்பெஷலிஸ்ற் ஒருவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருப்பது பற்றியும் மாமாவிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. இரண்டாம் உலகப் போர் நேரம் சம்பளத்தைக் கூட்ட அரசாங்கம் விடவில்லை. அதனால் கம்பனிகள் ஆட்களைப் பிடிக்க, சம்பளத்துக்குப் பதிலாக வைத்தியக் காப்புறுதி தருகிறோம் என்றார்கள். அது அப்படியே ஊறிவிட்டது. வைத்தியம் வேலையோடு கட்டுப்பட்டது, வேலை போனால் அதுவும் போகும். 1945இல் ஜனாதிபதி ட்ரூமன் எல்லோருக்கும் அரசாங்கக் காப்புறுதி என்று முன்மொழிந்தார், டொக்டர்மார் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்து நிறுத்தியது. 1965இல் ஜனாதிபதி ஜோன்சன் முதியவர்களுக்கு மெடிகெயார், ஏழைகளுக்கு மெடிக்கெய்ட் என்று இரண்டைக் கொண்டு வந்தார். நடுவில் இருந்தவர்கள் விடுபட்டுப் போனார்கள். 2010இல் ஒபாமாவின் சட்டம் அவர்களில் பெரும்பகுதியை உள்ளே இழுத்தது. ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லிக் காப்புறுதிக் கம்பனி மறுக்கக் கூடாது என்றது. முன்னர் நாலரைக் கோடிக்கு மேல் காப்புறுதி இல்லாமல் இருந்தார்கள், இன்றும் இரண்டரைக் கோடிக்கு மேல் இருக்கிறார்கள். 2017 ஆடியில் அந்தச் சட்டத்தின் முக்கிய பகுதிகளை எடுத்துப்போட செனட் சபையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. நடுச்சாமம் தாண்டி, மூளைப் புற்றுநோயோடு சபைக்கு வந்த செனட்டர் ஜோன் மக்கெயின் தன் சொந்தக் கட்சிக்கே எதிராகக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். 51க்கு 49, சட்டம் தப்பியது.

சண்டை ஓயாததற்குக் காரணம், அங்கே இதில் வாழ்கிறவர்கள் அதிகம். காப்புறுதிக் கம்பனி, மருந்துக் கம்பனி, ஆஸ்பத்திரிக் கம்பனி. நாட்டின் மொத்த உற்பத்தியில் 17 சதவீதத்துக்கு மேல் வைத்தியத்துக்குப் போகிறது. அவ்வளவு காசு ஓடுகிற இடத்தில் ஒருவருடைய செலவு இன்னொருவருடைய வருமானம். இதைக் குறித்து வைத்துக்கொள், பரீட்சைக்கு வராவிட்டாலும் இந்த நாட்டில் நடக்கப்போகிற பேச்சை விளங்கிக்கொள்ள உதவும். இங்கேயும் மெல்ல மெல்லத் தனியார் பக்கம் காசு ஓடத் தொடங்கிவிட்டது, ஓடினால் திருப்புவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு உன் சித்தியின் நாடு சாட்சி.

கேள்வி: ஏழைகளுக்கு அரசாங்கமே காப்புறுதி அட்டை கொடுத்துவிட்டால், தனியார் ஆஸ்பத்திரியில் காட்டலாமே. இந்தியாவில் அப்படித்தானே? – கடை உரிமையாளர், மாங்குளம்

தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கினார்கள், இந்தியா முழுவதற்கும் 2018இல் குடும்பத்துக்கு 5 லட்சம் இந்திய ரூபா வரை என்று வந்தது. பெரிய ஒப்பரேஷன் தேவைப்பட்ட பலரை அது காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். மாதா மாதம் வாங்குகிற மருந்துக்கு அந்த அட்டை உதவாது, எங்கள் பையில் ஓட்டை இருப்பதோ அங்கேதான். அடுத்தது, மாங்குளத்தில் நின்று அந்த அட்டையை எந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் நீட்டப் போகிறீர்கள்? யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோதான் போக வேண்டும். அரசாங்கத்தின் காசும் உங்களோடு பஸ் ஏறி அங்கே போய்விடும், இங்கே உள்ள கட்டடம் இன்னும் வெறுமையாகும்.

தாய்லாந்தைப் பாருங்கள். 2002இல் எல்லோருக்கும் வைத்தியம் என்று சட்டம் போட்டார்கள், ஒரு தரம் போனால் 30 பாட். எல்லோரும் அந்த 30 பாட்டைத்தான் பேசுகிறார்கள். அதற்கு முதல் இருபது முப்பது வருசமாக மாவட்ட ஆஸ்பத்திரிகளைக் கட்டி, படித்து முடித்த இளம் டொக்டர்மாரைக் கட்டாயமாகக் கிராமத்துக்கு அனுப்பியதை யாரும் பேசுவதில்லை. அட்டை வந்தபோது அதைக் காட்ட ஒரு இடம் இருந்தது.

கேள்வி: எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டடம் புதுசு, கட்டில் புதுசு. டொக்டர் மட்டும் இல்லை. யாரிடம் கேட்பது? – முள்ளியவளைப் பக்கம் ஒரு இளைஞர்

தம்பி, வந்த கடிதங்களில் என்னைக் கூடத் தொட்டது இதுதான். கட்டடம் திறக்க நாடா வெட்ட வருகிறவர்கள் நிறையப் பேர், டொக்டருக்கு ஒரு நல்ல குவாட்டர்ஸ் கட்ட வருகிறவர் குறைவு. ஒரு இளம் டொக்டர் இங்கே வருகிறார் என்று வையுங்கள். தண்ணீர் உவர், பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் தூரம், மனைவிக்கு வேலை யாழ்ப்பாணத்தில், மேற்படிப்புக்குக் கொழும்பு. பின்னேரம் தனியாகப் பார்த்துச் சம்பாதிக்க ஊரில் காசுள்ள சனமும் இல்லை. ட்ரான்ஸ்பர் கேட்காமல் என்ன செய்வார்? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பல டொக்டர்மார் நாட்டை விட்டே போனார்கள், அப்படி ஏற்படுகிற வெற்றிடம் கடைசியில் வந்து நிற்பது எங்கள் மாதிரி ஊர்களில்தான்.

யாரிடம் கேட்பது என்பதும் சிக்கல். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி உங்கள் ஆஸ்பத்திரி மாகாணத்தின் கையில், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய அரசாங்கத்தின் கையில். டொக்டரை அனுப்புகிற நியமனப் பட்டியல் கொழும்பில். மாகாண சபையோ 2018 ஐப்பசியோடு காலாவதியாகி, அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. இந்தப் பிரச்சினையை எழுப்ப நீங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய மாகாண உறுப்பினர் ஒருவரும் இல்லை. வைத்தியத்துக்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது பேசப்படுகிற சீர்திருத்தம் என்னவென்றால், ஒவ்வொரு குடும்பத்தையும் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் பதிந்து, அங்கேயே ரெஸ்ட், அங்கேயே மருந்து, தேவைப்பட்டால் மட்டும் பெரியாஸ்பத்திரி. 2018இல் உலக வங்கி இதற்கென்று 20 கோடி டொலர் கடன் தந்தது. யோசனை சரியான யோசனை, நான் இரண்டு கையாலும் ஆதரிக்கிறேன். வன்னிக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. ஷெல் துண்டு உடம்பில் கிடக்க, இடுப்புக்குக் கீழே இயங்காமல், கட்டிலோடு இருக்கிற பிள்ளைகள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களை முதல் பஸ்ஸில் ஏற்ற முடியுமா? நெடுங்கேணிப் பக்கம் கிட்னி வருத்தக்காரர் கிழமையில் இரண்டு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போய் வர வேண்டும், அவருக்குத் தூரமே நோய்தான். (கிட்னி நோயாளிகளுக்கு மாதக் கொடுப்பனவு ஒன்று உண்டு, எடுக்காதவர்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.) ஆனால் பதிவுப் புத்தகம் மட்டும் வந்து டொக்டர் வராவிட்டால், பெரியாஸ்பத்திரிக் கதவையும் சாத்திவிட்டு இங்கேயும் ஆள் இல்லாத நிலைதான் வரும். டொக்டரும் மருந்தும் முதலில், பதிவு பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது.

நீங்கள் செய்யக்கூடியது: ஆஸ்பத்திரியின் நோயாளர் நலன்புரிச் சங்கத்தில் நாலைந்து இளம் ஆட்கள் சேருங்கள். ஒரு கொப்பி போட்டு, எத்தனை நாள் டொக்டர் இல்லை, எத்தனை பேருக்கு எந்த மருந்து வெளியில் எழுதப்பட்டது என்று மூன்று மாதத்துக்கு எழுதுங்கள். "டொக்டர் இல்லை" என்று போனால் "பார்க்கிறோம்" என்பார்கள். தேதியோடு எழுதிய கொப்பியோடு மாகாணப் பணிப்பாளரிடமும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கும் போனால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: மிட்வைஃப் அக்கா வீட்டுக்கு வருவதையும் இந்த மாற்றத்தில் நிறுத்திவிடுவார்களா? – ஆறு மாதக் கர்ப்பிணி, அக்கராயன்

அப்படி எந்தப் பேச்சும் இல்லை, பயப்பட வேண்டாம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியாக வந்தவர் அவர், இந்த நாட்டில் பிள்ளைப்பேற்றில் தாய்மார் சாவது இவ்வளவு குறைந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவர் சொல்கிற நாளில் கிளினிக்குக்குப் போங்கள். சோர்வு, கால் வீக்கம், தலையிடி, எதுவென்றாலும் அவருக்குப் போன் பண்ணுங்கள்.

கேள்வி: மழைக்குள் கிளினிக் கொப்பி நனைந்து கிழிந்து போச்சு. ஏசுவார்கள் என்று இரண்டு மாதம் போகவில்லை. என்ன செய்ய? – பூநகரி

நாளைக்கே போங்கள் அம்மா. கிழிந்த கொப்பியையும் வீட்டில் கிடக்கிற பழைய மருந்துத் துண்டு, வெறும் மருந்துப் பக்கற், எதுவானாலும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அதைப் பார்த்துப் புதுக் கொப்பி எழுதித் தருவார்கள். யாராவது ஏசினால் ஏசட்டும், மருந்து இல்லாமல் இரண்டு மாதம் இருந்ததை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் அளவை அதற்கேற்ற மாதிரி மாற்ற வேண்டியிருக்கும். புதுக் கொப்பி கிடைத்ததும் முதல் பக்கத்தையும் மருந்து எழுதிய பக்கத்தையும் பேரப்பிள்ளையின் போனில் படம் எடுத்து வையுங்கள்.